தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கோடு எண் போடுங்கள்: படுக்கைத் துணிகளின் சுங்க வகைப்பாடு

கேள்வி இதுதான். ஒரே கன்டெய்னரில் பிரிண்ட் போட்ட பருத்தி பெட்ஷீட் செட், கோடு போட்ட டூவே கவர் (பஞ்சுப் போர்வைக்கு மேலே மாட்டும் உறை), தையல் வேலைப்பாடுள்ள பெட் கவர், ஃபிளீஸ் போர்வை, 'நூறு சதவீதம் மூங்கில்' என்று லேபிள் ஒட்டிய தலையணை உறை, அப்புறம் கம்ஃபர்ட்டரும் (உள்ளே நிரப்பித் தைத்த கனப் போர்வை) விரிப்பும் உறையும் ஒரே பையில் வரும் செட் என ஆறு வகைச் சரக்கு வருகிறது. சப்ளையர் இன்வாய்ஸில் எல்லாவற்றுக்கும் 6302 என்று ஒரே கோடு (code, அதாவது சுங்க வகைப்பாட்டு எண்) போட்டிருக்கிறார். கப்பல் இன்னும் கிளம்பவில்லை. அதையே வைத்துத் தாக்கல் செய்யலாமா?

வேண்டாம். இந்த ஆறில் மூன்றுக்குத்தான் 6302 நிச்சயம் பொருந்தும், அந்த மூன்றுக்கும்கூடத் துணைத் தலைப்பு (நாலு இலக்கத் தலைப்புக்குக் கீழே வரும் ஆறு இலக்க உட்பிரிவு) ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. மற்ற மூன்றில் ஒன்று 6301க்குப் போகும், ஒன்று அநேகமாக 9404க்குப் போகும், இன்னொன்றை மேலே இருந்து பார்த்து எந்தச் சுங்க முகவராலும் சொல்ல முடியாது, தையலைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வேலையில் பல வருடமாக இருக்கிறேன், துணிச் சரக்கில் வரும் சிக்கல்களில் பெரும்பாதி இந்த இடத்தில்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சப்ளையர் போட்ட கோடு பற்றி. அது அவர் நாட்டில் ஏற்றுமதிக்காக அவர் போட்டது. இறக்குமதி ஆவணத்தில் என்ன கோடு போடுகிறோம் என்பதற்குப் பொறுப்பு இறக்குமதி செய்பவருடையது, பிற்பாடு வித்தியாச வரியும் அபராதமும் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும், சப்ளையர் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஆனால் ஒரு வசதி இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் எல்லா இடத்திலும் ஒன்றே. உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் ஹெச்எஸ் (Harmonized System, சரக்குகளை எண் கொடுத்து வகைப்படுத்துவது) என்ற இந்த முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 200க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதை வைத்துத்தான் தங்கள் தீர்வை அட்டவணையை எழுதியிருக்கின்றன. ஏழாவது இலக்கத்திலிருந்து அந்தந்த நாட்டின் விருப்பம். அதனால் நான் கீழே சொல்வது ஆறு இலக்கம் வரை எங்கும் பொருந்தும், வரி விகிதத்தை மட்டும் உங்கள் நாட்டு அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கைச் சரக்கு எதைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே ஏதாவது அடைத்திருக்கிறதா என்பதுதான். என்ன நூல், என்ன நெசவு, பிரிண்ட்டா இல்லையா என்பதெல்லாம் அதற்கப்புறம். துணிகள் எல்லாம் 50 முதல் 63 வரையுள்ள அத்தியாயங்களில், பதினோராம் பிரிவில் இருக்கின்றன. அந்தப் பிரிவின் முதல் குறிப்பே 94ஆம் அத்தியாயத்துப் பொருள்கள் இங்கே வராது என்று வெளியே தள்ளிவிடுகிறது. 94 என்பது நாற்காலி, மேசை, விளக்கு இருக்கும் அத்தியாயம், அதனால்தான் துணி வியாபாரம் செய்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. ஆனால் அதற்குள் 9404 என்று ஒரு தலைப்பு இருக்கிறது. மெத்தை, குயில்ட் (அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை), இறகுப் போர்வை, திண்டு, தலையணை என எதுவானாலும், ஸ்பிரிங் வைத்தோ உள்ளே எந்தப் பொருளையாவது அடைத்தோ செய்ததும், ஃபோம் போன்ற நுரை ரப்பரிலோ நுரை பிளாஸ்டிக்கிலோ செய்ததும் அதற்குள் வரும், மேலே உறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. 'எந்தப் பொருளையாவது' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு, பாலியெஸ்டர் நார், வாத்துத் தூவி, கனப் போர்வைக்குள் தைக்கும் கண்ணாடி மணி எல்லாம் அதில் அடங்கும்.

ஆக பருத்தித் துணியில் தைத்த குயில்ட்டுக்குள் ஒரு மெல்லிய பாலியெஸ்டர் நார் அடுக்கு இருந்தாலே அது 9404. அதே துணி, அதே அளவு, அதே தையல், உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அது பெட்ஸ்பிரெட் (கட்டில் மேல் அழகுக்கு விரிக்கும் பெட் கவர்), 6304.19. இரண்டையும் மடித்து பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியில் வைத்தால் வித்தியாசம் தெரியாது.

இதை நான் ஒரு முறை நேரிலேயே அனுபவித்தேன். இன்வாய்ஸில் 'குயில்ட்டட் பெட்ஸ்பிரெட்' என்று இருந்தது, படத்திலும் வைர வைரமாகப் புடைத்துக்கொண்டு மெத்து மெத்தென்று இருந்தது, நாங்களும் 9404 என்று தாக்கல் செய்தோம். சோதனைக்கு எடுத்த அதிகாரி ஒரு விரிப்பை மேசையில் விரித்து, ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் சின்னக் கத்திரியால் ஓரத் தையலை நாலு அங்குலம் பிரித்தார். மேல் துணி, அடித் துணி, நடுவில் பஞ்சு என்று மூன்றாகப் பிரியும் என்று எதிர்பார்த்து நின்றேன். பிரியவில்லை. அது மொத்தமும் ஒரே துணி. ஜக்கார்டு தறியில் இரண்டு அடுக்காக நெய்து, நடுவில் தடித்த ஊடை நூலை ஓட்டி, அந்தப் புடைப்பை நெசவிலேயே கொண்டுவந்திருந்தார்கள். மேலே தையல் போலத் தெரிந்தது தையலே இல்லை, இரண்டு அடுக்கும் நெசவில் ஒன்றோடொன்று பிணைந்த கோடு. இதை மாட்டெலாஸே என்பார்கள். நெய்யும்போது ஓடிய நூல் அந்தத் துணியின் ஒரு பகுதி, அதை உள்ளே அடைத்த பொருள் என்று சொல்ல முடியாது, அதனால் 6304க்குப் போனது. ஆவணத்தைத் திருத்தி முடிப்பதற்குள் சரக்கு கிடங்கிலேயே கிடந்தது. அன்றிலிருந்து தையல் பிரித்த ஒரு சாம்பிளைப் பார்க்காமல் குயில்ட் என்ற சொல்லை நான் நம்புவதில்லை.

9404க்குள் போனால் அடுத்த இலக்கங்களில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2022 பதிப்புக்கு முன் குயில்ட், இறகுப் போர்வை, கம்ஃபர்ட்டர் எல்லாம் தலையணையோடு சேர்ந்து 9404.90இல் கிடந்தன. 2022 ஜனவரி 1 முதல் குயில்ட், நிரப்பிய பெட்ஸ்பிரெட், இறகுப் போர்வை, கம்ஃபர்ட்டருக்கு 9404.40 என்று தனி இடம் வந்துவிட்டது, தலையணையும் திண்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. பழைய இன்வாய்ஸைப் பார்த்து நகலெடுக்கிற சப்ளையர்கள் இன்னும் 9404.90 என்றே போடுகிறார்கள், கவனியுங்கள். அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் வருகிறது, அப்போதும் ஒருமுறை எல்லாக் கோடுகளையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

சரி, உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் துணிதான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து, அது தைத்து முடித்த பொருளா, வெறும் துணித் துண்டா? இதில் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே வந்து ஓரம் தைத்துக்கொள்ளலாம், மலிவாக இருக்கும் என்று சதுரமாகவும் நீள்சதுரமாகவும் வெட்டிய துணியை மட்டும் வரவழைப்பார்கள். பதினோராம் பிரிவின் ஏழாவது குறிப்புப்படி நீள்சதுரமாக வெட்டினால் மட்டும் போதாது, அது இன்னும் துணிதான், 52 அல்லது 54, 55ஆம் அத்தியாயத்திலேயே நிற்கும். ஓரத்தை மடித்துத் தைத்தால்தான், அல்லது குஞ்சம் முடிந்தால்தான், அது பெட்ஷீட். நூல் பிரியாமலிருக்க ஓரத்தைச் சும்மா சுற்றித் தைத்ததும் கணக்கில் வராது என்று அதே குறிப்பு சொல்கிறது. பஞ்சு வைத்துத் தைத்ததை ரோலாக வரவழைத்தாலும் இதே கதை, அது குயில்ட் ஆகாது, 5811க்குப் போகும் துணி.

தைத்து முடித்தது என்றால் 63ஆம் அத்தியாயம். அங்கே படுக்கைக்கு நாலு தலைப்பு உண்டு, நாலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் குழப்பம். 6301 போர்வை. குளிருக்குப் போர்த்திக்கொள்கிற, பெரும்பாலும் கனமான, மேலே ரோமம் எழுப்பிய துணி, குழந்தையின் தொட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் உள்ள சின்னப் போர்வையும் இதில்தான். 6302 படுக்கை விரிப்பு, தலையணை உறை, திண்டு உறை, டூவே கவர், மெத்தை உறை. இந்தத் தலைப்பின் விளக்கக் குறிப்பில் ஒரு வரி உண்டு, இவை வழக்கமாகத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தத் தக்கவை என்று. அந்த வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். 6303 திரைச்சீலை, அதோடு கட்டிலைச் சுற்றிக் கீழே தொங்கவிடுகிற பாவாடை மாதிரியான துணியும். அதைக் கட்டிலோடு சேர்த்து விற்பதால் எல்லோரும் 6302இல் போட்டுவிடுகிறார்கள், ஆனால் 6303இன் தலைப்பிலேயே அது பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. 6304 மிச்சமுள்ள அலங்காரத் துணிகள், அதாவது நிரப்பாத பெட்ஸ்பிரெட், குஷன் உறை, கொசுவலை.

தலையணை உறை 6302, குஷன் உறை 6304. இரண்டும் நாலு பக்கம் தைத்த பைதானே, என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். தலை வைத்துத் தூங்கி வாரா வாரம் கழற்றித் துவைப்பது ஒன்று, சோபாவிலோ கட்டிலிலோ அழகுக்குச் சாய்த்து வைப்பது மற்றொன்று. தலையணையின் அளவில், வழுவழுப்பான துணியில், ஒரு பக்கம் திறந்த மடிப்போடு இருந்தால் தலையணை உறை என்று சொல்ல எளிது. மணியும் குஞ்சமும் கட்டி, கனத்த துணியில், சதுரமாக ஜிப் வைத்து வந்தால் குஷன் உறை. நடுவில் நிற்கிற பொருள்கள் உண்டு, அங்கே லேபிளில் உள்ள துவைக்கும் முறையும் விற்பனைப் படமும்கூடச் சாட்சியாக வரும், அதனால் அவற்றையும் கோப்பில் வைத்திருங்கள்.

இனி 6302க்குள். இதன் துணைத் தலைப்புகள் ஒரு வரிசையில் கேள்வி கேட்கின்றன, அந்த வரிசையை மாற்றினால் தப்பான கோட்டில்தான் போய் நிற்பீர்கள். பின்னல் துணியா? ஆம் என்றால் 6302.10, அவ்வளவுதான், பருத்தியா பாலியெஸ்டரா, பிரிண்ட்டா இல்லையா என்று ஆறு இலக்கத்தில் யாரும் கேட்கவே மாட்டார்கள். டி-ஷர்ட் துணி போல இழுத்தால் நீளும் ஜெர்சி பெட்ஷீட் இந்த வகை. பின்னல் இல்லையென்றால், பிரிண்ட் போட்டதா? ஆம் என்றால் 6302.21, 22, 29 என்ற கூட்டம். இல்லையென்றால் 6302.31, 32, 39. இந்த மூன்று மூன்றிலும் முதலாவது பருத்தி, இரண்டாவது செயற்கை முறையில் செய்த எல்லா நார்களும், மூன்றாவது மற்றவை, லினன் உட்பட.

பிரிண்ட்டா என்பதில் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட டூவே கவர் என்றால் அது பிரிண்ட்டாகவும் இருக்கலாம், சாயமேற்றிய நூலில் நெய்ததாகவும் இருக்கலாம். ஓரத்தில் நீலக் கோட்டைக் குறுக்கே கடந்து வெள்ளைக்குப் போகிற ஒரு நூலை ஊசியால் கிளப்பி இழுத்துப் பாருங்கள். அந்த ஒரே நூல் கொஞ்ச தூரம் நீலம், கொஞ்ச தூரம் வெள்ளை என்று மாறி மாறி வந்தால் துணியாக நெய்தபின் மேலே அச்சடித்தது. நூல் முழுக்க ஒரே நிறமாக இருந்து, கோட்டின் நிறம் அதன் குறுக்கே ஓடும் நூல்களிலிருந்து வருகிறது என்றால் நெசவில் வந்த கோடு, பிரிண்ட் இல்லை. துணியைத் திருப்பிப் போட்டாலும் ஓரளவு தெரியும், அச்சு பின்பக்கம் மங்கும். இன்னொன்று, சாய நூலில் நெய்த துணியின் மேல் பிறகு பூ அச்சடித்திருந்தால் அது பிரிண்ட்தான். பாத்திக் முறையில் மெழுகு வைத்துச் சாயமேற்றியதும், பசை தடவி மேலே சிறு நார்த்தூள் ஒட்டிய ஃப்ளாக்கிங்கும் பிரிண்ட் என்றே கணக்கு, குறிப்பில் அப்படி எழுதியிருக்கிறது.

நார் கலவைக்கு வருவோம். எது எடையில் அதிகமோ அதுவாகவே முழுப் பொருளும் கருதப்படும். 60 பருத்தி 40 பாலியெஸ்டர் என்றால் பருத்தி, இதில் பிரச்சினை இல்லை. சரிக்குச் சரி 50க்கு 50 என்றால்? எது கடைசி எண்ணில் வருகிறதோ அது. பருத்தி 52ஆம் அத்தியாயம், பாலியெஸ்டர் 54 அல்லது 55, ஆகவே பாலியெஸ்டர் ஜெயிக்கும். பலர் தவறவிடுவது மூன்று நார்க் கலவையை. 40 பருத்தி, 35 பாலியெஸ்டர் இழை (54ஆம் அத்தியாயம்), 25 விஸ்கோஸ் நார் (கூழைக் கரைத்துச் செய்வது, 55ஆம் அத்தியாயம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் பருத்திதான் அதிகம். ஆனால் 54ஐயும் 55ஐயும் வேறொரு அத்தியாயத்தோடு ஒப்பிடும்போது அவை இரண்டும் ஒரே அத்தியாயம் போலச் சேர்த்து எண்ணப்படும் என்று குறிப்பு இருக்கிறது. 35ம் 25ம் சேர்ந்து 60, எனவே அது பருத்தி விரிப்பு இல்லை, 6302.32. லேபிளில் பருத்தி முதலில் எழுதியிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மூங்கில் என்ற லேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அது நிறைய வருகிறது. கடையில் மூங்கில் என்று விற்கிற பட்டுப் போன்ற விரிப்புகளில் பெரும்பாலானவை மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து மறுபடி நாராக இழுத்த விஸ்கோஸ் அல்லது லயோசெல். 54ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு இயற்கையான செல்லுலோஸைக் கரைத்துச் செய்கிற நாரை மனிதன் செய்த நார் என்றே எண்ணுகிறது, மூலம் மூங்கிலா மரமா என்று கேட்பதில்லை. ஆகவே 6302.32. மூங்கில் தண்டிலிருந்து இயந்திர முறையில் உரித்தெடுத்த நாராக இருந்தால் மட்டுமே 6302.39, நான் அப்படி ஒரு பெட்ஷீட்டை இன்னும் பார்க்கவில்லை. சப்ளையரிடம் 'மூங்கில்தானே?' என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார், 'விஸ்கோஸா, லயோசெல்லா, இயற்கை நாரா?' என்று கேளுங்கள்.

இதே விஸ்கோஸ் போர்வையாக வந்தால் சட்டம் கொஞ்சம் வேறு. 6302 'மனிதன் செய்த நார்' என்று பொதுவாகச் சொல்கிறது, அதில் பாலியெஸ்டரும் விஸ்கோஸும் இரண்டும் அடங்கும். 6301.40 அப்படிச் சொல்லவில்லை, அது வேதிமூலத்திலிருந்து உருவாக்கிய பாலியெஸ்டர், அக்ரிலிக் போன்ற நார்களுக்கு மட்டும். விஸ்கோஸ் போர்வை அதில் நுழையாது, 6301.90க்குப் போகும். ஒரே ஒரு சொல் வித்தியாசம், அதை கவனிக்காமல் பெட்ஷீட்டுக்குப் பயன்படுத்திய தர்க்கத்தையே போர்வைக்கும் போடுகிறவர்கள் அதிகம். பிறகு ரோமம் எழுப்பிய போர்வைகளில் அடியில் ஒரு தளத்துணியும் மேலே ரோமமும் தனித்தனி நாரில் இருந்தால் தளத்துணியைக் கணக்கில் எடுக்கவே கூடாது, மேலே உள்ள ரோமம் என்ன நார் என்பதுதான் கேள்வி. லேபிளில் மொத்தச் சதவீதம் மட்டும் போட்டிருப்பார்கள், அது இங்கே உதவாது.

நூல் எண்ணிக்கை, அதான் த்ரெட் கவுன்ட், 300ஆ 600ஆ என்பதற்கு ஆறு இலக்கத்தில் ஒரு வேலையும் இல்லை. விலைக்கு அது பெரிய விஷயம், கோட்டுக்கு இல்லை.

ஓரத்தில் கிடக்கிற சில பொருள்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மின்சாரப் போர்வையை 85ஆம் அத்தியாயத்தில் தேடாதீர்கள், அந்த அத்தியாயத்தின் முதல் குறிப்பே அதை வெளியேற்றிவிட்டது, அது 6301.10. காற்றடைத்த துணி மெத்தை 9404 இல்லை, 6306.40. காகிதத்தில் செய்து ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் படுக்கை விரிப்பு 4818, ஆனால் நெய்யாத துணியில் செய்த அதே மாதிரி விரிப்பு 6302தான், ஏனென்றால் நெய்யாத துணியும் துணியே. கொசுவலையில் 6304.20 என்று 2017இல் ஒரு கோடு வந்தது, அது எல்லா வலைக்கும் இல்லை, பாவுப் பின்னல் துணியில் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போல அந்தக் குறிப்பில் பெயர் சொன்ன பூச்சிமருந்தில் தோய்த்த வலைக்கு மட்டும்.

இப்போது அந்தச் செட்டுக்கு வருவோம், எல்லாம் ஒரே பையில் என்று வருவது. முதலில் ஒரு தெளிவு. பெட்ஷீட்டும் இரண்டு தலையணை உறையும் ஒரு பெட்டியில் வந்தால் சுங்க விதிப்படி அதைச் செட்டா என்று ஆராயவே தேவையில்லை, எல்லாமே 6302, ஒரே துணியில் இருந்தால் ஒரே துணைத் தலைப்பும்கூட. வேறு வேறு தலைப்பில் போகக்கூடிய பொருள்கள் சேர்ந்தால்தான் ஹெச்எஸ் வகைப்பாட்டின் பொது விதி 3(ஆ) வேலைக்கு வருகிறது. கம்ஃபர்ட்டர் 9404, விரிப்பு 6302, கட்டில் பாவாடை 6303, அலங்கார உறை 6304 என்று நாலும் ஒரே பையில் இருந்தால் அங்கே மூன்று விஷயம் பார்ப்பார்கள். வேறு வேறு தலைப்புப் பொருள்கள் குறைந்தது இரண்டா, ஒரே தேவைக்காகச் சேர்த்து வைத்ததா, மறுபடி பிரித்துக் கட்டாமல் அப்படியே வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற மாதிரி கட்டியிருக்கிறதா. மூன்றும் ஆம் என்றால் மொத்தச் செட்டும் எந்தப் பொருளால் அதற்கு உயிர் வருகிறதோ அதன் கோட்டில் போகும். பெரும்பாலும் அது கம்ஃபர்ட்டர்தான், எடை, விலை, பையின் மேலே உள்ள படம், வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என எந்தப் பக்கம் பார்த்தாலும் அதுவே முன்னால் நிற்கும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் பணம் போகிறது. கம்ஃபர்ட்டர் ஒரு அட்டைப்பெட்டியில், விரிப்பு வேறு அட்டைப்பெட்டியில், பைகள் தட்டையாக இன்னொரு பெட்டியில் வந்து, இறங்கியபின் கிடங்கில் ஆள் வைத்துச் சேர்த்துப் போடப்போகிறீர்கள் என்றால் அது செட்டே இல்லை. இறங்கும்போது எப்படி இருந்ததோ அப்படித்தான் பார்ப்பார்கள், ஒவ்வொன்றும் அதன் அதன் கோட்டில் தனித்தனியாக மதிப்பிடப்படும். எது உங்களுக்கு லாபம் என்பது உங்கள் நாட்டு விகிதத்தைப் பொறுத்தது. எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும், கப்பல் கிளம்பியபின் முடிவு செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

உயிர் எது என்ற இந்தக் கேள்வி ஒரே பொருளுக்குள்ளும் வரும். அமெரிக்காவில் பில்லோடெக்ஸ் என்ற நிறுவனம் பருத்தி உறைக்குள் தூவி நிரப்பிய கம்ஃபர்ட்டர்களைப் பருத்திப் பொருளாகக் கருத வேண்டும் என்று வழக்காடியது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. உறை வெறும் உறைதான், கதகதப்பைத் தருவது தூவி, பொருளின் குணம் அதில்தான் இருக்கிறது, ஆகவே பருத்தி என்ற வரியில் சேராது என்று தீர்ப்பு வந்தது. அது அந்த நாட்டின் கூடுதல் இலக்கங்கள் பற்றிய வழக்கு, ஆனால் யோசிக்கும் முறை எங்கும் இதுதான்.

ஏழாவது இலக்கத்துக்கு மேல் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதற்கும் அதே அமெரிக்காவின் தீர்வை அட்டவணையிலிருந்து ஓர் உதாரணம். அங்கே பிரிண்ட் இல்லாத, ரோமம் எழுப்பாத பருத்தி விரிப்புக்குச் சாதாரண விகிதம் 6.7 சதவீதம். அதே விரிப்பில் எம்பிராய்டரியோ லேஸோ பைப்பிங்கோ ஏதாவது வைத்துத் தைத்திருந்தால் 20.9 சதவீதம். தலைமாட்டு மடிப்பின் ஓரத்தில் ஓடுகிற ஒரு மெல்லிய பைப்பிங் வரியை மூன்று மடங்காக்குகிறது. வடிவமைப்பவர் கடைசி நிமிடத்தில் அழகுக்காகச் சேர்த்த கயிறு அது, அவருக்கு இந்த அட்டவணை தெரியாது. உங்கள் நாட்டில் இந்தப் பிரிவினை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஒவ்வொரு டிசைன் மாற்றமும் முகவர் கண்ணில் பட்டுப் போக வேண்டும்.

உங்கள் கன்டெய்னருக்கு என்னுடைய பதில் இது. பிரிண்ட் போட்ட பருத்தி பெட்ஷீட் செட் நெய்த துணியாக இருந்தால் 6302.21. கோடு போட்ட டூவே கவரின் நூலை இழுத்துப் பாருங்கள், நெசவில் வந்த கோடாகவும் பருத்தி அதிகமாகவும் இருந்தால் 6302.31, அச்சாக இருந்தால் மேலே சொன்ன 6302.21. பாலியெஸ்டர் ஃபிளீஸ் போர்வை 6301.40. மூங்கில் உறை விஸ்கோஸ் நெசவு என்று சப்ளையர் எழுத்தில் கொடுத்தால், பிரிண்ட் இல்லாதபட்சத்தில் 6302.32, பின்னலாக இருந்தால் 6302.10. ஒரே பைச் செட், பை பையாகக் கட்டி வருகிறது என்றால் 9404.40. தையல் வேலைப்பாடுள்ள பெட் கவருக்கு நான் கோடு சொல்ல மாட்டேன், உள்ளே நிரப்பு இருந்தால் 9404.40, இல்லையென்றால் 6304.19, இரண்டு துணியை மட்டும் ஒன்றோடொன்று வைத்துத் தைத்திருந்தாலும் 6304.19தான்.

திரும்பத் திரும்ப வரவழைக்கப்போகிற சரக்கு என்றால் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்டு வாங்கிவிடுங்கள். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமைப்படுத்தல் உடன்பாடு 2017 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது, அதன் மூன்றாவது பிரிவு வகைப்பாட்டுக்கு முன்தீர்ப்பு தர வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி வாங்குவது மூன்று வருடம் செல்லும். விண்ணப்பத்தோடு சாம்பிள் கொடுங்கள், பொருளை உள்ளது உள்ளபடி எழுதுங்கள், ஏனென்றால் வந்த சரக்கு எழுதியதிலிருந்து மாறியிருந்தால் அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

கப்பல் இன்னும் கிளம்பவில்லை என்று சொன்னீர்கள், நல்லது. இன்றே சப்ளையருக்கு எழுதுங்கள்: ஒவ்வொரு பொருளுக்கும் நார் வாரியாக எடைச் சதவீதம், நெசவா பின்னலா, அச்சா சாய நூலா, ரோமம் உள்ளதற்கு மேல் ரோமத்தின் நார் என்ன, பைப்பிங், லேஸ் ஏதாவது உண்டா. பெட் கவரில் ஒன்றை எடுத்து ஓரத் தையலைப் பிரித்து, அடுக்குகளை விரலால் விரித்துப் பிடித்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.